ஒரு செம்புத் தண்ணீர்

1977-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் என் தம்பி பிறந்தான். விடியற்காலையில் பிறந்தவன் பிற்பகல் உணவு வேளைக்குள் இறந்துவிட்டான். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை மட்டும் பூசை நடக்கும் கிளைக்கோயில் ஒன்றுதான் இருந்தது. சாமியார் (பங்குக் குருவானவர்) தங்கியிருந்த பங்குத் தலைமைக் கோயிலுக்கு எட்டு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆத்தங்குடித் தளக்கல் பதிக்கும் வேலையிலிருந்த அப்பா அன்று கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் இருந்தார். வீட்டில் அம்மா, மருத்துவச்சி, அம்மா அடுப்படி வேலை பார்த்த பெரிய வீட்டு ஆச்சி, ஒன்பது வயதான நான் ஆகிய நால்வர் மட்டுமே.

ஆச்சிதான் தம்பியைத் தன் மடியில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றவன் நான். மூச்சு சீராக இல்லை என்று மருத்துவச்சி சொன்னதும் ஆச்சி தம்முடைய பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து அவனைச் சுற்றி, உச்சியைத் தடவியபடியே முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அடங்கியபோது, "அழாதே ஆத்தா, பச்சப்பிள்ளை நேரா சாமிகிட்டப் போயிருச்சு" என்று அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். அன்று மாலை வந்த, கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் அப்படிச் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார். அப்பா மழையிலேயே சைக்கிளில் போய்ச் சாமியாரிடம் கேட்டுத் திரும்பினார், பதிலில் மாற்றமில்லை. கல்லறை மதிலுக்கு வெளியே, கண்மாய்ப் பக்கம் இருந்த பொட்டலில், அப்பாவே குழி வெட்டினார். ஜெபம் சொல்ல யாரும் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, உறுதிப்பூசுதலுக்கான ஞானோபதேச வகுப்பில், ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். குருவானவர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பெண் கொடுக்கலாம், பிள்ளை கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் இந்துவும் கொடுக்கலாம். தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னால் போதும். இது அந்த ஆசிரியரின் சொந்தக் கருத்தன்று. 1439-இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய ஃபுளோரன்ஸ் சங்கம் அர்மேனியருக்காக வெளியிட்ட ஏட்டிலேயே உள்ளது என்று பிற்காலத்தில் படித்தேன். அன்று அந்த வகுப்பில் பாய்மேல் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம், செம்பு என் கையில் இருந்தது என்பதுதான். ஒருகை தண்ணீரும் மூன்று பெயர்களும் போதுமாக இருந்திருக்கின்றன. அந்தப் பெயர்களை நான் ஒவ்வொரு நாளும் சிலுவை வரைந்துகொள்ளும்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு யாரும் முன்பே சொல்லித்தரவில்லை. அதனால் என் தம்பிக்கு மோட்சம் இல்லை.

அவன் எங்கே இருக்கிறான் என்று உபதேசியாரிடம் கேட்டதற்கு, வேதனையும் இல்லாத, ஆண்டவரின் முகமும் தெரியாத ஓர் இடம் உண்டு என்றார். லிம்போ என்ற சொல்லை அப்போதுதான் கேள்விப்பட்டேன். அவர் கொடியவர் அல்லர். பாப்பரசர் பத்தாம் பயஸ் வெளியிட்ட ஞானோபதேசத்திலேயே அந்த விடை இருந்தது; அவர் தாம் கற்றதை ஒப்பித்தார். ஆனால் அந்த விடையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனவன் பன்னிரண்டு வயதுப் பையன். அம்மாவிடம் செம்பு விஷயத்தை நான் சொல்லவே இல்லை. அம்மாவும் எதையும் என்னிடம் கேட்டதில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, உள்ளே தாத்தா, பாட்டி கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஒரே ஒரு திரியை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மதிலைச் சுற்றி வெளியே போவார்கள்.

ஓரியூருக்கும் எங்களை அழைத்துப் போனார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகீசியக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட அந்த இடத்துச் செம்மணலைப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் வாங்கிப் போவார்கள். அம்மா வேறொரு பிள்ளை கேட்டு மண்டியிடவில்லை, போன பிள்ளைக்காகத்தான் மண்டியிட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அருளானந்தரின் கதையை அங்கே ஒவ்வொரு முறையும் சொல்வார்கள்: மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுர மன்னர் சேதுபதியின் உறவுப்பெண் என்பதும், அவள் முறையிட்டதால் வந்த வினையும். விலக்கப்பட்ட பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி என்று அத்தை என் தொடையைக் கிள்ளினார்கள்.

கல்லூரிக் காலத்திலும், பிறகு கணித ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளிலும், நான் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. அதற்குள்ளேயே என் தம்பிக்கு இடம் தேடினேன். தேடத் தேடக் கண்டது வேறாக இருந்தது. லிம்போ என்பதே ஓர் இரக்கமான திருத்தம் என்று அறிந்தபோது உள்ளம் நடுங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன், ஞானஸ்நானம் பெறாத சிசுக்களும் தண்டனைக்குள்தான் போகிறார்கள், அது தண்டனைகளுள் மிக மென்மையானது என்று எழுதியிருந்தார்; அதன் கடுமையைத் தாங்காமல்தான் பின்வந்த இறையியலாளர்கள் நரகத்தின் ஓரத்தில் வேதனையில்லாத ஒரு திண்ணையைக் கட்டினார்கள். பதினான்காம் நூற்றாண்டில் ரிமினி ஊர் கிரகோரி அகுஸ்தீனின் பழைய கடுமைக்கே திரும்பியதால் 'சிசுக்களை வதைப்பவர்' என்ற பட்டப்பெயரே பெற்றார். பிறக்கும்போதே எல்லாரிடமும் இருப்பதாகச் சொல்லப்படும் ஜென்மப் பாவத்துக்கு அடித்தளமாகக் காட்டப்படும் ரோமர் நிருபம் 5:12-ஐப் பற்றியும் படித்தேன்: கிரேக்க மூலத்தில் 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்று பொருள்படும் தொடர், அகுஸ்தீனின் கையில் இருந்த இலத்தீன் பெயர்ப்பில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று கொள்ள இடம் தந்திருந்தது. ஒரு வேற்றுமை உருபில் வந்த மயக்கத்துக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்ப் பொட்டலுக்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுத் தொடர்பு இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருந்தது. ஜென்மப் பாவக் கொள்கை முழுவதும் அந்த ஒரு வசனத்தின்மேல் மட்டும் நிற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் கண்டேன். அதை இன்றுவரை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கூடாது என்றது உண்மை. ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-இல் வந்த புதிய அடக்கச் சடங்கு நூல், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பியிருந்து அதற்குள் இறந்துபோன பிள்ளைக்கு, ஆயரின் இசைவோடு அடக்க வழிபாடு நடத்தலாம் என்று கதவைத் திறந்திருந்தது. 1983-ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் அதையே சொன்னது. என் தம்பி இறந்தது 1977-இல். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே திறந்த கதவை எங்களுக்குக் காட்ட ஓர் ஆள் இல்லை. அந்தச் சாமியாருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். எட்டு மைல் மழையில் மிதித்து வந்த மனிதரிடம், ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்று ஒரு சொல் சொல்லத் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.

இங்கிருந்துதான் முதல் பாடத்தைக் கற்றேன். இதே போன்ற துயரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்வதும் இதைத்தான். உங்களை அலைக்கழிக்கும் போதனை எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று கேளுங்கள். மாறாத விசுவாசக் கோட்பாடா, பல நூற்றாண்டுகளாகப் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தா, அல்லது வெறும் ஊர் வழக்கமா? லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. ஞானோபதேச வகுப்பில் மூன்றுக்கும் ஒரே குரல்தான் இருக்கும். கேள்வி கேட்டால்தான் வேறுபாடு வெளிப்படும். கேள்வியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது, ஏனென்றால் வாயால் கேட்கும்போது அழுகை வந்துவிடுகிறது, அப்புறம் விடைக்குப் பதிலாக ஆறுதல்தான் கிடைக்கிறது. என்னோடு பொறுமையாக இரண்டு மாலைப்பொழுதுகள் பேசிய இளம் குருவானவர் ஒருவர், "இதற்கு எனக்கு விடை தெரியவில்லை" என்று சொன்னார். நான் சந்தித்தவர்களில் என்னை நீண்டகாலம் கோயிலுக்குள் வைத்திருந்தவர் அவர்தான்.

ஆச்சியின் சங்கதி தனி. 1989-இல் அவர்கள் இறந்தார்கள். பிள்ளையார் நோன்பை ஓராண்டும் விடாத, எங்கள் கோயில் திருவிழாச் சப்பரத்துக்கும் எண்ணெய் வாங்கிக் கொடுத்த மனுஷி. திருச்சபைக்கு வெளியே ரட்சிப்பில்லை என்பதையும், அதை 1442-இல் ஃபுளோரன்ஸ் சங்கம் எவ்வளவு கடுமையாகச் சொன்னது என்பதையும் அப்போது படித்திருந்தேன். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையலாம் என்று 1964-இல் வத்திக்கான் சங்கம் சொன்னதையும் படித்திருந்தேன். ஆனால் ஆச்சி அறியாதவர்கள் அல்லர். எழுபது ஆண்டுகள் எங்கள் கோயில் மணியோசை கேட்டு விழித்தவர்கள். ஒருமுறை உபதேசியார் வேதத்தில் சேரச் சொன்னபோது, "எனக்கு என் முருகன் போதும், உங்க சாமியும் நல்ல சாமிதான்" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள். அறியாமை என்பதற்கு வெறுமனே கேள்விப்படாமை என்று பொருளில்லை, உள்ளம் உணராமையும் அதில் அடங்கும் என்று கோயில் தரப்பில் எனக்கு விளக்கினார்கள். ஏற்றுக்கொள்ள முயன்றேன். அப்படியானால் ஆச்சியின் நோன்பும் பக்தியும் அவர்களைக் காப்பாற்றவில்லை, உணராமை என்ற குறைதான் காப்பாற்றுகிறது. அவர்கள் மீட்படைய வேண்டுமென்றால் அவர்களை நான் சற்றுக் குறைத்து எண்ண வேண்டியிருந்தது. அது எனக்கு முடியவில்லை. வேறொரு சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவரோ, சிசுக்கள் எல்லாரும் பரலோகம்தான், அதில் ஐயமே வேண்டாம், ஆனால் உங்கள் ஆச்சிக்கு நரகம்தான் என்றார். ஒரு கையால் தம்பியைக் கொடுத்து மறு கையால் ஆச்சியை வாங்கிக்கொண்டார்.

இவ்வளவையும் தாங்கிய நம்பிக்கை உடைந்தது நூலகத்தில் அல்ல. 1996-இல் என் மகள் காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் குறைமாதமாகப் பிறந்தாள். மருத்துவர் அஞ்ச ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும், செவிலியர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கைகழுவும் குழாயில் பிடித்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் போய் அவள் தலையில் ஊற்றி மூன்று பெயர்களையும் சொன்னேன். குளிரில் அவள் உடல் விதிர்த்தது. செவிலியர் ஓடிவந்து, படித்தவர் செய்கிற காரியமா இது, பிள்ளைக்குச் சன்னி கண்டால் என்ன செய்வீர்கள் என்று திட்டித் துடைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து என் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பினால் செய்ததன்று, பயத்தினால் செய்தது. நான் கும்பிடும் ஆண்டவர், என் உள்ளங்கை வறண்டிருந்தால் என் மகளைக் கைவிட்டுவிடுவார் என்று நம்பியே அதைச் செய்திருந்தேன். அப்படிப்பட்டவரை நான் நேசிக்கவில்லை, பத்தொன்பது ஆண்டுகளாக அஞ்சியிருக்கிறேன் என்பது அந்தப் படியில் தெளிவாகியது. அதன்பின் நான் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கவில்லை.

அதற்காக மறுநாளே எதையும் அறிவிக்கவில்லை. அதுவே நான் செய்தவற்றுள் உருப்படியானது. ஓராண்டு முழுவதும் என் மனைவிக்கு மட்டும் சொன்னேன். மனைவி நம்பிக்கையுள்ளவர், இன்றும் அப்படியே. எங்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு எளியது: மகளைக் கோயிலுக்கு அவர் அழைத்துப் போவார், நரகத்தைக் காட்டி எதையும் அவளுக்குச் சொல்லித்தரக்கூடாது, அவள் என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். பிள்ளைகள் உள்ளவர்கள் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடக்கூடாது. முதல் நன்மைக்குப் புதுச்சட்டை தைத்த பிறகு பேசினால் அது கொள்கைப் பேச்சாக இருக்காது, குடும்பச் சண்டையாகத்தான் இருக்கும். ஞானத்தகப்பனாக நிற்கும்படி உறவினர்கள் கேட்டபோது மறுப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. காரணம் சொல்லாமல் மறுத்தால் உறவை மறுப்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே நம்பாத வாக்குறுதியை உங்கள் பிள்ளைமேல் நான் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு, மோதிரத்தை மட்டும் போட்டுவிட்டு வந்தேன். ஒருவரைத் தவிர மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அம்மாவைக் கடைசிவரை ஞாயிறுதோறும் பூசைக்கு நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இது கபடமில்லையா என்று நண்பர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் முழந்தாளிடும்போது நான் முழந்தாளிடவில்லை, வாங்கக்கூடாததை வாங்கவில்லை. மற்றபடி அம்மாவுக்கு மூட்டுவலி, அவ்வளவுதான். பங்குப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதுவது வீண்வேலை என்பதையும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் அழியாத முத்திரை என்பது அவர்கள் போதனை. முறைப்படி விலகும் செயல் என்று திருச்சபையின் திருமணச் சட்டத்தில் இருந்த சொற்களையும் 2009-இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் நீக்கிவிட்டார். அவர்கள் கணக்கில் நான் இன்றும் கத்தோலிக்கன்தான். அந்தக் கணக்கோடு சண்டையிடுவதைவிட, இறந்தபின் என் உடலைச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கான தாள்களில் மனைவியையும் மகளையும் முன்னதாகவே கையெழுத்திட வைத்தது பயனுள்ள வேலையாக இருந்தது. இதை எழுதி வைக்காவிட்டால், துக்க வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். கல்லறையில் இடம் உண்டா இல்லையா என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் இரண்டாம் முறை எழ நான் விரும்பவில்லை.

2007 ஏப்ரலில் செய்தி வந்தது. வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு, ஞானஸ்நானம் இன்றி இறக்கும் சிசுக்கள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு என்றும், லிம்போ மீட்பைப் பற்றிய மிகக் குறுகிய பார்வை என்றும் ஓர் ஆவணம் வெளியிட்டது. உறுதியான அறிவாக அன்று, எதிர்நோக்காகத்தான் இதைச் சொல்கிறோம் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். என்னை அடித்தது அந்த நேர்மைதான். இப்போது தெரியாது என்கிறவர்களுக்கு அப்போதும் தெரியாதுதானே. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஒரு பிரசவப் படுக்கையின் அருகில் நின்று சொன்னார்கள். போதனை கடுமையானது என்பதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊகத்தைக் கடவுளின் வாக்காகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பொறுக்க முடியவில்லை. ஆவணத்தில் எத்தனையோ அடிக்குறிப்புகள் உண்டு. அந்த அம்மாக்களிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு வரியை நான் தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு நாளிதழைப் படித்துக் காட்டினேன். மகிழ்வார்கள் என்று எண்ணினேன். வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இத்தனை வருசமா அவன் எங்கடா இருந்தான்?" என்று மட்டும் கேட்டார்கள். அன்று செம்பு விஷயத்தைச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் என்னிடமிருந்த ரகசியம் அது. அம்மா என்னைப் பார்க்காமலே, தனக்கும் அது தெரியும், தன் கல்யாணத்துக்கு முன் சிஸ்டர்கள் சொல்லித்தந்தார்கள், அன்று வலியில் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னார்கள். நாங்கள் இருவரும் ஒரே குற்றத்தை ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தோம். வீட்டில் பேசாத துக்கம் இருக்குமானால், கொள்கையை ஆராய்வதற்கு முன்பு அதைப் பேசிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நான் முப்பது ஆண்டுகள் வரிசையை மாற்றிச் செய்தேன்.

அம்மா 2011-இல் இறந்தார்கள். அவர்கள் விரும்பியபடியே பூசை, மந்திரிப்பு எல்லாம் குறைவில்லாமல் செய்து, கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாக இடம் கேட்டு வாங்கி அடக்கம் செய்தேன். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கல்லறையில் இடம் போதவில்லை என்று பழைய மதிலை இடித்துக் கண்மாய்ப் பக்கமாக இருபதடி தள்ளிக் கட்டினார்கள். ஒரு பொறியாளரும் நான்கு கொத்தனார்களும் பத்து நாளில் முடித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பொட்டல் உள்ளே இருக்கிறது. அப்பாவும் இல்லாததால் குழி எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. நவம்பர் 2 அன்று மகள் கேட்டால், இந்தப் பக்கம் எங்கோதான் என்று கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன், அவள் தோராயமாக ஓரிடத்தில் திரியை ஊன்றுகிறாள்.